கொட்டுவார் கொள்ளும் இன்பம்

திருச்சிற்றம்பலம்

திருக்கோயில்களில் முழங்கும் இசைக்கருவிகளைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். அவற்றின் பெயரும் அமைப்பும், கல்வெட்டுக்களில் அவை பயிலும் இடங்களும் நன்கு ஆராயப்பெற்றுள்ளன. ஆயின், அக்கருவிகளைத் தோளிற் சுமந்து கொட்டுகின்ற மனிதனுடைய உள்ளத்தை நாம் பெரிதும் எண்ணிப் பார்த்ததில்லை.

இன்று நம் சிவாலயத் திருவிழாக்களில் கயிலாய வாத்தியம் என வழங்கும் கருவிக் கூட்டத்தைக் காணாதார் இலர். அக்கூட்டத்தில் நிற்பவர் யாவர்? அலுவலகத்திற் கணக்கெழுதுபவர், தறி நெய்பவர், கடை நடத்துபவர், பள்ளியிற் கற்பிப்பவர் எனப் பலதுறையினர். இல்லறக் கடனைத் தாங்கி நிற்கும் முதிர்ந்தோரும் அவருட் பலர். அவர்கள் கூலி பெறுவதில்லை. வெறுங்காலுடன் நான்கு மாட வீதியும் நடக்கின்றனர். தோள் நோகின்றது, கை காய்க்கின்றது. சுவாமி நிலைக்கு எழுந்தருளியபின் கருவியை இறக்கி வைக்கும் அவர்தம் முகத்தை நோக்கினால், அங்கே களைப்பைக் காட்டிலும் மலர்ச்சியே மிகுந்திருக்கக் காண்கின்றோம். சிறுவன் பறை கொட்டினால் விளையாட்டு என்போம். தொழிலாளன் கொட்டினால் பிழைப்பு என்போம். வேறு தொழிலும் பொறுப்பும் உடைய முதிர்ந்த மாந்தர் கொட்டுவதும், அதில் இத்துணை இன்பம் எய்துவதும் எதனால்? இவ்வினாவிற்கு விடை காண வேண்டுமாயின், முழவின் வரலாற்றைச் சிறிது பின்சென்று காணல் வேண்டும்.

சைவ நெறியில் முழவொலி மனிதன் கண்டு சேர்த்த அணியன்று. அஃது இறைவன் திருக்கையிலேயே உள்ளது. படைத்தல் என்னும் தொழில் கூத்தப்பெருமான் கைத்துடியினின்றும் தோன்றுவதாக உண்மை விளக்கம் உரைக்கின்றது. அத்துடியின் ஒலியிலிருந்தே பாணினியின் இலக்கணத்திற்கு முதலாகிய 14 சூத்திரங்களும் பிறந்தன என்பது வடமொழி மரபு. மணிவாசகப் பெருமானும் திருத்தசாங்கத்திலே, பெருந்துறை இறைவனுக்குரிய பத்து உறுப்புக்களுள் ஒன்றாக முரசினை வைத்து, நாதமே அம்முரசு எனக் காட்டுகின்றார். ஆகவே, தாளத்தொடு கொட்டுபவன் புதியதொன்றைச் செய்பவன் அல்லன்; முன்னரே நிகழ்ந்துகொண்டிருக்கும் ஒன்றிற் கலந்துகொள்பவன்.

இவ்வாறு கலந்துகொண்ட இருவரை நம் திருத்தொண்டர் வரலாறு ஒருங்கு வைத்துக் காட்டுகின்றது. ஒருவர் குழந்தை, மற்றொருவர் இல்லறம் நடாத்தி முடித்த அம்மை. சீகாழிக்கு அணித்தாகிய திருக்கோலக்காவில், ஆளுடைய பிள்ளையார் தம் சிறு கைகளாலே தாளம் ஒற்றிப் பாடினார். அதனைப் பொறாத இறைவன், ஐந்தெழுத்துப் பொறித்த பொற்றாளம் ஈந்தருளினான். குழந்தைக்குக் கை கொட்டுதல் இயற்கை. ஒருவர் சொல்ல வேண்டுவதில்லை, நாணமும் இல்லை. காரைக்காலம்மையார் நிலை வேறு. அவர் வணிகர் குலத்து மருமகளாய், பலர் மதிக்கும் மனையாளாய் வாழ்ந்தவர். அந்த வடிவையும் மதிப்பையும் கழற்றி வைத்துப் பேய்வடிவு வேண்டிப் பெற்றார். பின்னர், இறைவன் ஆடும்போது அவன் அடிக்கீழ் இருந்து தாம் மகிழ்ந்து பாடவேண்டும் என்று வரம் கேட்டதாகச் சேக்கிழார் பெருமான் கூறுகின்றார். மகிழ்ச்சி என்பதை அவ்வேண்டுகோளின் உள்ளே வைத்தது நாம் நினைந்து போற்றத்தக்கது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் சிலவற்றில் அம்மையார் கையில் தாளம் ஏந்தி, வாய் மலர்ந்து அமர்ந்திருக்கின்றார். அவர் அருளிய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் குடமுழா, கொக்கரை, தக்கை, மொந்தை, கரடிகை, தமருகம், மத்தளம் முதலாகக் கருவிகள் நிரல்பட நிற்கின்றன. குழந்தை இயல்பாகச் செய்வதை முதிர்ந்தோர் செய்ய வேண்டுமாயின், முதலில் ஏதேனும் ஒன்றைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கின்றது. இக்குறிப்பை நாம் மனத்திற் கொண்டு மேற்செல்வோம்.

பழந்தமிழ் நாட்டில் தோற்கருவிகள் அளவிறந்தன. சிலப்பதிகார உரையிலே அடியார்க்கு நல்லார் பேரிகை முதல் பெரும்பறை ஈறாக 31 தோற்கருவிகளைப் பெயர் சொல்லி எண்ணுகின்றார். அகமுழவு, புறமுழவு, நாண்முழவு, காலை முழவு என்றாற்போல அவற்றை வகைப்படுத்துகின்றார். அரங்கேற்று காதையில் ஆடல் ஆசான், இசையாசிரியன் ஆகியோரோடு தண்ணுமை முதல்வனுக்கும் தனியே இலக்கணம் கூறப்பெற்றுள்ளது. புறநானூற்றில் மாங்குடி கிழார் சிறந்தனவாக எண்ணும் நான்கு குடிகளுள், துடியன், பறையன் என்னும் இரண்டும் தோற்கருவியாற் பெயர் பெற்றவை. முழவு கொட்டுதல் அக்காலத்தில் இழிவென எண்ணப்படவில்லை என்பதற்கு இவை சான்றாவன.

பிற்காலத்தில் இக்கலை திருக்கோயிலைச் சார்ந்து நின்றது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராசன் செய்த நிவந்தங்களை அவனுடைய 29-ஆம் ஆட்சியாண்டினைக் (1014) குறிக்கும் கல்வெட்டொன்று தெரிவிக்கின்றது. திருப்பதியம் விண்ணப்பிக்கும் பிடாரர் 48 பேர். அவர்களொடு நிலையாக உடுக்கை வாசிப்பான் ஒருவன். கொட்டி மத்தளம் வாசிப்பான் ஒருவன். ஆக 50 பேருக்கும் நாள் ஒன்றுக்கு ஆளுக்கு முக்குறுணி நெல் அளக்கப்பெற்றது. இங்கே நாம் காணவேண்டுவது, பாடுவார்க்கும் கொட்டுவார்க்கும் அளவு ஒன்றேயாதல். பிற கோயில்களிலும் உவச்சர் எனப்பட்டோர் ஸ்ரீபலி முதலிய காலங்களிற் கொட்டுதற்கு நிலம் பெற்றிருந்தனர். திருவாரூர்த் தியாகேசர் திருக்கோயிலில் ஐந்து முகங்களையுடைய வெண்கலக் குடமுழா இன்றும் உள்ளது. அதனை முழக்கும் உரிமை வழிவழியாக ஒரு குடும்பத்தாரிடம் இருந்துவந்தது. ஒரு முழவிற்கு ஐந்து முகம் அமைத்து, அவற்றை ஈசானம் முதலாகிய ஐந்திருமுகங்களாகக் கண்ட நம் முன்னோர், அதனைத் தொடும் கையையும் எளிதாகக் கருதியிரார்.

ஆயினும், வரலாற்றை முழுவதும் இனிப்பாக உரைத்தல் நேர்மையாகாது. காணியாகத் தரப்பெற்ற உரிமை நாளடைவில் கட்டாயமாகவும் மாறியது. தோலைத் தொட்டவரைத் தொலைவில் நிறுத்தும் வழக்கமும் வந்து சேர்ந்தது. இதன் கொடுமையைத் திருநாளைப்போவார் வரலாற்றைக் காட்டிலும் தெளிவாக உரைப்பது பிறிதில்லை. ஆதனூர்ச் சேரியில் தோன்றிய அப்பெருமகனார், சிவாலயங்களிலுள்ள பேரிகை முதலிய கருவிகளுக்குப் போர்வைத் தோலும் விசிவாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்துவந்தார் என்பது பெரியபுராணச் செய்தி. அவர் பதப்படுத்தித் தந்த தோல் கோயிலுள் ஒலித்தது. அவரோ வாயிலின் புறத்தே நின்றார். நின்று, அன்பு மேலிட ஆடியும் பாடியும் மகிழ்ந்தார். முழவு உள்ளே செல்லலாம், முழவிற்குத் தோல் ஈந்தவர் செல்லலாகாது என்னும் இம்முரண்பாடு நம் நாட்டில் பல நூற்றாண்டுகள் நிலவியது. 1939-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலில் நிகழ்ந்த ஆலய நுழைவும், 1947-ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டமுமே அவ்வாயிற் கதவைச் சட்டப்படி அகலத் திறந்தன.

ஊர்ப்பறைக்கும் இதுவே நிலை. சாவு வீட்டில் பறை கொட்டியே தீரவேண்டும் என்று ஒரு குடியார்மேற் சுமத்தியபோது, இருபதாம் நூற்றாண்டில் அவருட் பலர் கொட்ட மாட்டோம் என மறுத்தனர். அது நேரிய மறுப்பே. பின்னர், அந்நூற்றாண்டின் இறுதியில் அவர்தம் வழித்தோன்றல்களே அதே பறையைத் தம் மாண்பின் அடையாளமாக விரும்பி ஏந்தினர். இன்று பல்வேறு வகுப்பினரும் அவரிடம் சென்று பறை பயில்கின்றனர். கருவி ஒன்றே, தோலும் ஒன்றே, அடியும் ஒன்றே. ஏவலால் கொட்டியபோது துன்பமாக இருந்தது, விருப்பால் கொட்டியபோது இன்பமாயிற்று. கொட்டுவார் கொள்ளும் இன்பத்தின் முதற் காரணத்தை இங்கே நாம் கண்டுகொள்கின்றோம். அது, தானே விரும்பி ஏற்றல். சைவம் இதனைத் தொண்டு என்னும் சொல்லால் வழங்கும். நாவுக்கரசர் பெருமான் முதுமையிலும் உழவாரப்படையை ஒருவர் ஏவ ஏந்தினாரல்லர்.

இனி, அண்மைக் காலத்திற்கு வருவோம். ஊழியத்திற்கு ஈடாக நிலம் என்னும் பழைய கட்டு, 1963-ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் முதலிய மாற்றங்களால் தளர்ந்தது. வழிவழியாக வாசித்தோரின் மக்கள் கல்வி கற்று வேறு தொழில்களுக்குச் சென்றனர்; செல்லுதல் அவர்தம் உரிமையுமாகும். பல சிற்றூர்க் கோயில்களில் காலச்சந்தியிலும் சாயரட்சையிலும் கொட்டுவார் இலராயினர். அவ்விடத்தை நிரப்ப வந்தது மின்முரசு. பொத்தானை அழுத்திய அளவில் ஒரு மோட்டார் சுழலும், முரசின்மேற் கோல் விழும், மணி அடிக்கும், சேகண்டியும் ஒலிக்கும். வேளை தவறுவதில்லை, ஊதியமும் இல்லை. குறைவான வருவாயுடைய கோயில்களில் அதனைக் குறை கூறுதற்கும் நாம் துணியோம். இருந்த வெறுமையை அஃது ஒருவாறு போக்கியது.

ஆயினும், அவ்வியந்திரம் நமக்கு ஓர் உண்மையைக் கற்பித்தது. ஓசைதான் பயன் என்றால், அதுவே போதும், மனிதன் வேண்டுவதில்லை. தீபாராதனை வேளையில் அவ்வியந்திரம் முழங்க நாம் கைகுவித்து நிற்கின்றோம்; ஓசை செவியை நிறைக்கின்றது; ஆயின் அதனை எழுப்பி மகிழ்வார் ஒருவரும் அங்கில்லை. எனவே, முழவினால் வரும் பயன் கேட்பாரை மட்டும் சார்ந்ததன்று, கொட்டுவாரையும் சார்ந்தது. இயந்திரம் கேட்பார் பங்கைத் தரவல்லது. கொட்டுவார் பங்கைத் தரமாட்டாது. இக்குறை நெஞ்சில் உறுத்திய காலத்தில்தான், கடந்த சில பத்தாண்டுகளாக, அடியார் கூட்டங்கள் தாமே கருவிகளை வாங்கித் தோளிலேற்றத் தொடங்கின. உடல் என்னும் பெருமுழவு, நகரா, தவண்டை, கொக்கரை, திருச்சின்னம், கொம்பு, சங்கு, பிரமதாளம் எனப் பெரிதும் மறக்கப்பெற்ற பெயர்கள் மீண்டும் தெருவில் நடமாடலாயின. மகளிரும் இக்கூட்டங்களில் இடம்பெற்றனர். தாளமேந்திய அம்மையாரை முன்னோராக உடைய நமக்கு அதில் வியப்பொன்றும் இல்லை.

இக்கூட்டத்திற் புதிதாகச் சேர்பவர் நிலையைச் சிறிது நோக்குவோம். முதற் சில திங்கள் அவருக்குத் தம் கையே பகை. கோல் முந்தும், அல்லது பிந்தும். அருகில் நிற்பாரைப் பார்த்து அடித்தால் காலம் தாழும். தம் எண்ணத்தை நம்பி அடித்தால் கூட்டத்தினின்றும் விலகும். அலுவலகத்தில் பலரை ஏவுபவர் இங்கே தம்மினும் இளையவன் ஒருவன் கைத்தாளத்திற்குக் கட்டுப்பட்டு நிற்கவேண்டும். நாணமும் சலிப்பும் வருகின்றன. சிலர் நின்றுவிடுகின்றனர். நிலைத்தவர்க்கு ஒருநாள் ஒன்று நிகழ்கின்றது. அடி எண்ணுவதை அவர் மறந்துவிடுகின்றார். ஆயினும் அடி தவறுவதில்லை. தம் முழவின் ஒலியைத் தனியே பிரித்துக் கேட்க இயலவில்லை; முழக்கம் முழுவதும் தம்முடையதாகவே தோன்றுகின்றது. பெரிதாக முழங்கும் அது தம்முடையது, எனினும் தம்மாலாயதன்று. இவ்விரண்டும் ஒருங்கே உணரப்படும் நொடியே அவ்வின்பத்தின் உயிர்நிலை.

இது தமிழகத்திற்கு மட்டும் உரிய அனுபவம் அன்று. பழைய சேரநாடாகிய கேரளத்தில், திருச்சூர் வடக்குநாதர் சிவாலயத்தின் பூரத் திருவிழாவைச் சக்தன் தம்புரான் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஒழுங்கு செய்தார். அவ்விழாவில் கோயில் மதிலகத்தே இலஞ்சி மரத்தடியில் ஏறத்தாழ 250 கலைஞர் செண்டை, இலைத்தாளம், கொம்பு, குழல் ஆகியவற்றொடு கூடி இரண்டரை மணி நேர அளவு மேளம் முழக்குவர். இலஞ்சி என்பது நாம் மகிழ மரம் என வழங்குவதே. தாளம் மெல்லத் தொடங்கிப் படிப்படியாக விரைய, சூழ நின்ற ஆயிரக்கணக்கான முதியோரும் இளையோரும் ஒருசேரக் கையுயர்த்தி அலைபோல் அசைவர். செண்டை பயிலும் மாணவன் நெடுங்காலம் புளியங்கோலால் கல்லின்மேல் அடித்துப் பழகிய பின்னரே தோலைத் தொடுவான். நம் கல்வெட்டுக்களிலும் அடியார்க்கு நல்லார் உரையிலும் காணும் திமிலையும் இடக்கையும் அந்நாட்டுக் கோயில்களில் இன்றும் வாழ்கின்றன.

மேனாட்டு அறிஞரும் இதனை ஆராய்ந்துள்ளனர். வில்லியம் மக்னீல் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் 1941-இல் படையிற் சேர்க்கப்பெற்று, பிறரொடு அடியொத்து நடக்கும் பயிற்சி பெற்றார். பயனற்றதெனத் தோன்றிய அந்நடையிலே தம் எல்லை விரிந்து, தாமே பெரிதானாற் போன்றதோர் இன்பம் உண்டானதை அவர் மறக்கவில்லை. அரை நூற்றாண்டு கழிந்து 1995-இல், ஆடலிலும் அணிநடையிலும் மக்கள் காலமொத்து இயங்குதல் அவர்களைப் பிணைத்த வரலாற்றை ஒரு நூலாகவே எழுதினார். 2012-இல் இராபின் டன்பாரும் உடனாய்வாளரும் வெளியிட்ட ஆய்வொன்று, பாடியும் ஆடியும் முழவு கொட்டியும் இசையில் ஈடுபட்டோருக்கு நோவைத் தாங்கும் ஆற்றல் கூடியதையும், இசையை வாளா கேட்டிருந்தோருக்கு அவ்வாறு கூடாமையையும் காட்டியது. தோள் நோவினும் முகம் மலர்வது எவ்வாறு என்னும் வினாவிற்கு இஃது உடல் அளவிலான விடை.

உயிர் அளவிலான விடையைச் சித்தாந்தம் தருகின்றது. உயிரை அதன் எல்லைக்குள் சுருக்கி வைப்பது ஆணவம். குழந்தையிடத்தும் அது உண்டு. ஆயினும் பதவி, செல்வம், கல்வி, குலம் என்னும் போர்வைகள் அங்கே இன்னும் சேரவில்லை. ஆண்டு ஏற ஏறப் போர்வை தடிக்கின்றது. நான் இன்னார் என்பதை நாள்முழுதும் காத்துக்கொண்டிருத்தலே முதிர்ந்தோருடைய பெருஞ்சுமை. முழவைத் தோளில் ஏற்றும்போது அவர் அச்சுமையை இறக்கி வைக்கின்றார். ஏற்றிய சுமையினும் இறக்கிய சுமை பெரிதாதலின், தோள் நோவு தெரிவதில்லை. ஆகவேதான் இவ்வின்பம் சிறுவரினும் முதிர்ந்தோரிடத்து மிக்குக் காணப்படுகின்றது. ஆணவம் முற்றும் நீங்கியதென்று நாம் சொல்லவில்லை. அஃது ஒரு விழாப் பொழுதிற்கு அடங்கியது என்கின்றோம். அவ்வளவே இன்பமாயின், முற்றும் நீங்கினால் எய்தும் இன்பம் எத்தகையது என்று எண்ணிப் பார்த்தற்கு அஃது ஒரு சுவைப்பாகின்றது. சரியைத் தொண்டின் பயனும் அதுவன்றோ!

இவ்வின்பத்தின் காரணம் இதுவாயின், அதனை அழிப்பது யாது என்பதும் தெளிவாகும். இறக்கி வைத்த சுமையை மீண்டும் எடுத்துச் சூடிக்கொள்வதே அது. கைப்பேசி படம் எடுக்கும் திசை நோக்கி முழவைத் திருப்புவானாயின், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஒலியால் வெல்ல முயல்வாராயின், அங்கே நான் என்பது திரும்பி வந்துவிட்டது. ஓதுவார் திருமுறை விண்ணப்பிக்கும் வேளையில் முழவு அடங்கவேண்டும். தஞ்சைக் கல்வெட்டில் 48 பேர் பாட, கொட்டினோர் இருவரே என்பதை நினைவிற் கொள்வோமாக. நாகசுரமும் தவிலும் வாசித்துப் பிழைக்கும் கலைஞர்தம் இடத்தை, ஊதியமின்றி வருகின்றோம் என்னும் பெருமையால் நாம் பறித்துவிடுதல் ஆகாது. நமக்கு இன்பமாவது அவர்க்கு வாழ்வு.

எல்லாவற்றினும் மேலாக, ஒரு கடப்பாடு உண்டு. இன்று விரும்பி ஏந்தும் முழவை, ஏவப்பட்டும் இகழப்பட்டும் பல தலைமுறைகள் காத்துத் தந்தவர் உளர். தோலைப் பதப்படுத்தியவரும், வாரினை இறுக்கியவரும், வைக்கோல் தீயிற் காய்ச்சிப் பதம் கண்டவரும் அவரே. அவர்தம் வழிவந்தோர் நம் கூட்டத்தில் சம உரிமையொடு நிற்கின்றனரா, அவர்களை நாம் ஆசானாகக் கொண்டு பயில்கின்றோமா என ஒவ்வொரு கூட்டத்தாரும் தம்மைத் தாமே வினவிக்கொள்ளல் வேண்டும். திருநாளைப்போவார் தோல் ஈந்த கோயிலில், அவர்தம் மரபினர் வாயிற்புறத்தே நிற்க நாம் உள்ளே கொட்டி மகிழ்வோமாயின், அவ்வொலி இறைவன் திருச்செவிக்கு ஏறாது. அவரொடு தோளொத்து நின்று, காலமொத்துக் கொட்டுவோமாயின், அம்பலவன் கைத்துடியொடு நம் எளிய முழவும் ஒத்திசைக்கும்.

திருச்சிற்றம்பலம்